மலாக்காவில் ஒரு நாள்: சிவப்புக் கட்டடங்களும் பொய்யாத விநாயகரும்

பள்ளி விடுமுறையில் நமது ஆலயத் தொண்டூழியர்களும் இளைஞர் பிரிவும் சேர்ந்து ஒரு பஸ் எடுத்து மலாக்கா போய்ட்டு வந்தோம். வர முடியாத பல பேர், "என்ன பார்த்தீங்க, கொஞ்சம் எழுதுங்க" என்று கேட்டதால் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். சாயந்திரம் தே குடிச்சுக்கிட்டே மெதுவா படிங்க.

ஏன் மலாக்கா? நம்ம பிள்ளைகள்கிட்ட "நாம எப்ப இந்த நாட்டுக்கு வந்தோம்"னு கேட்டா, எல்லாரும் ஒரே பதில்தான் சொல்றாங்க: வெள்ளைக்காரன் ரப்பர் மரம் வெட்டக் கூட்டிக்கிட்டு வந்தான். நமது ஆலயத்துக்கு வரும் குடும்பங்களில் பெரும்பாலானவர்களுக்கு அது உண்மைதான். நம்ம பாட்டன் பூட்டன் கப்பலேறி, தோட்டத்து லயத்தில் குடியேறியவர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் தமிழன் இந்த மண்ணுக்கு வந்த கதை அங்கே ஆரம்பிக்கவில்லை. அதைப் புத்தகத்தில் படிப்பதைவிட, கல்லையும் கட்டடத்தையும் காட்டிச் சொன்னால் பிள்ளைகளுக்கு மனசில் நிற்கும் என்று நினைத்தோம்.

காலையில் பசியாறிவிட்டு முதலில் போனது எல்லாரும் போகும் அந்தச் சிவப்புச் சதுக்கம். ஸ்டடுய்ஸ் என்ற டச்சுக்காரர்களின் நிர்வாகக் கட்டடம், 1650 வாக்கில் கட்டியது. பக்கத்தில் கிறைஸ்ட் சர்ச், 1753-ல் கட்டி முடித்தது. இரண்டும் முதலில் வெள்ளை நிறம். பிற்காலத்தில் பிரிட்டிஷ்காரர்கள்தான் சிவப்பு பூசினார்கள். இன்றைக்கு அந்தச் சிவப்புதான் மலாக்காவுக்கே அடையாளம் மாதிரி ஆகிவிட்டது. வாசலில் பூவும் பொம்மையும் வைத்த திரிஷா வண்டிகள் பாட்டு அலறவிட்டு நிற்கின்றன. நம்ம பிள்ளைகள் படம் எடுக்க அங்கேயே முக்கால் மணி நேரம் போயிடுச்சு.

தொழிற்சாலையில் காலம் தள்ளிய எங்களுக்கு அங்கே பிடித்தது வேற விஷயம். கிறைஸ்ட் சர்ச் உள்ளே போய் மேலே பாருங்க. கூரையைத் தாங்கும் உத்தரம் ஒவ்வொன்றும் சுமார் 15 மீட்டர் நீளம், ஒவ்வொன்றும் ஒரே மரத்தில் வெட்டியது. நடுவில் ஒட்டு கிடையாது. கிரேன் இல்லாத காலத்தில் அதை மேலே ஏற்றியிருக்கிறார்கள். ஏற்றியவர்கள் பேரெல்லாம் எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

பின்னால் உள்ள சின்ன மலைதான் செயின்ட் பால் குன்று. வெயில் ஏறுவதற்குள் ஏறிவிட்டோம். மேலே கூரையில்லாத பாழடைந்த தேவாலயம். 1521-ல் ஒரு போர்த்துகீசியக் கப்பல் தலைவர் கட்டிய சின்னக் கோவிலாக ஆரம்பித்தது. சுவரில் சாய்த்து வைத்திருக்கும் ஆள் உயரக் கல்லறைக் கற்கள் டச்சுக் காலத்தவை. பிரான்சிஸ் சேவியர் 1552-ல் சீனக் கரையோரத் தீவு ஒன்றில் இறந்தபின், அவர் உடலை இங்கே கொண்டுவந்து சில மாதங்கள் புதைத்து வைத்து, பிறகு கோவாவுக்குக் கொண்டுபோனார்கள். இந்த சேவியர் மலாக்கா வருவதற்கு முன் நம்ம தூத்துக்குடிப் பக்கம் முத்துக்குளிக்கும் பரதவர் மத்தியில் ஊழியம் செய்தவர். அன்றைக்குக் கடல் எல்லாரையும் எப்படி இணைத்து வைத்திருந்தது பாருங்க.

குன்றின் மறுபக்கம் இறங்கினால் ஆ ஃபமோசா. கோட்டை என்று சொல்கிறோமே தவிர, இன்று மிச்சம் இருப்பது ஒரே ஒரு வாசல்தான். இங்கே பிள்ளைகளை நிழலில் உட்காரவைத்துக் கொஞ்சம் பேசினோம். அதை இங்கேயும் சொல்லணும்.

மலாக்காவைப் பரமேஸ்வரா உண்டாக்கியது 1400 வாக்கில். அடுத்த நூறு ஆண்டில் அது கிழக்கில் பெரிய துறைமுகம். இங்கே 84 மொழி பேசினார்கள் என்று தோமே பிரெஸ் என்ற போர்த்துகீசியர் எழுதி வைத்திருக்கிறார். வரும் வணிகர்களைக் கவனிக்க நாலு ஷாபண்டார், அதாவது துறைமுக அதிகாரிகள். குஜராத்திகளுக்கு ஒருவர். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த நம்மவர்கள், வங்காளிகள், பெகு, பாசாய் ஆட்களுக்கு ஒருவர். ஜாவா பக்கத்து ஆட்களுக்கு ஒருவர். சீனம், சம்பா பக்கத்தவர்களுக்கு ஒருவர். நம்மவர்கள் கொண்டுவந்த சரக்கில் முக்கியமானது துணி. கிராம்பு, ஜாதிக்காய் விளையும் தீவுகளில் அந்தத் துணிக்கு அவ்வளவு மவுசு. துணியைக் கொடுத்து வாசனைச் சரக்கை வாங்கிப் போவார்கள்.

அரண்மனையிலும் நம்ம தொடர்பு உண்டு. மணி புரிந்தான் என்றொருவர் கெலிங் நாட்டிலிருந்து வந்து மலாக்கா பெண்டஹாரா குடும்பத்தில் பெண் எடுத்ததையும், அவருடைய மகள் வழிப் பேரன்தான் பிறகு சுல்தான் முஸாபர் ஷா ஆனதையும் செஜாரா மெலாயு சொல்கிறது. பள்ளிப் பாடத்தில் முஸாபர் ஷா பெயரைப் படித்த பிள்ளைகள் இதைக் கேட்டு முழிச்சாங்க.

இப்போது நைனா செட்டி கதை. போர்த்துகீசிய ஏடுகளில் நினா சாத்து என்று இருக்கும். இவர் மலாக்காவில் பெரிய தமிழ் இந்து வணிகர். 1509-ல் முதல் போர்த்துகீசியக் கப்பல்கள் வந்து, சண்டையாகி, அவர்கள் ஆட்கள் சிலர் சிறைப்பட்டார்கள். அந்தக் கைதிகளுக்கு உதவி செய்தவர் நைனா செட்டி. 1511-ல் அல்புகெர்க் கப்பல்படையோடு வந்து மலாக்காவைப் பிடித்தபோது, இந்த உதவியை மறக்காமல் அவருக்குப் பெண்டஹாரா பதவி கொடுத்தார்கள். சுல்தான் ஆட்சியில் மிக உயர்ந்த பதவிகளில் ஒன்றின் பெயர் அது. போர்த்துகீசியர்களோடு பங்கு போட்டு பெகு வரைக்கும் கப்பல் அனுப்பினார்.

மூணு வருஷம்கூட நிலைக்கவில்லை. 1514-ல் அந்தப் பதவியை அவரிடமிருந்து பிடுங்கி, கம்பார் நாட்டு ராஜாவுக்குக் கொடுக்க முடிவு செய்தார்கள். அவமானம் தாங்காமல் நைனா செட்டி சந்தனக் கட்டையும் வாசனை மரமும் அடுக்கி, பட்டு விரித்து மேடை கட்டி, ஊர் பார்க்க அதில் ஏறித் தீயில் விழுந்து உயிரை விட்டார் என்று போர்த்துகீசிய வரலாற்றாசிரியர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதைச் சொன்னதும் எங்களுக்குள்ளேயே வாக்குவாதம். "சோறு போட்ட சுல்தானுக்குத் துரோகம் பண்ணினவர், அவர் கதையை ஏன் பிள்ளைங்களுக்குச் சொல்றீங்க?" என்று ஓர் அண்ணன் கேட்டார். இன்னொரு அக்கா, "சிறையில பட்டினி கிடந்தவனுக்குச் சோறு கொடுத்தா துரோகமா?" என்றார். இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கு. மறைக்கவும் கூடாது: ஆ ஃபமோசா கோட்டைக்குக் கல் எங்கிருந்து வந்தது தெரியுமா? பழைய மலாக்காவின் பள்ளிவாசல்களையும் அரச கல்லறைகளையும் இடித்த கல் அதில் போயிருக்கிறது. அப்படிப்பட்ட ஆட்சியில் நம்ம ஆள் ஒருவர் பதவியில் இருந்திருக்கிறார். எங்கள் எண்ணம் என்னவென்றால், அவரைத் தியாகி ஆக்கவும் வேண்டாம், துரோகி என்று மூடி வைக்கவும் வேண்டாம். ஒரு துறைமுகத்தில் வியாபாரம் பண்ணின மனுஷன், ஜெயிக்கிற பக்கம் கைகொடுத்தார். வாய்ச்சொல்லால் வந்த பதவி, ஆள் மாறியதும் போய்விட்டது. இந்தக் கடைசி வரியை நினைவில் வச்சுக்கோங்க, பிறகு வருவோம்.

கோட்டை கதையை முடித்துவிடுகிறோம். 1641-ல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். மிச்சமிருக்கும் வாசலின் நெற்றியில் 1670 என்ற ஆண்டும் கம்பெனி முத்திரையும் அவர்கள் வைத்தது. பிறகு பிரிட்டிஷ்காரர்கள் கைக்கு வந்தது. 1807-ல், இந்தக் கோட்டை நாளைக்கு வேற எவன் கையிலாவது போய்விடக் கூடாதென்று வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். யானை அளவு கற்கள் பறந்து விழுந்ததை ஒரு மலாக்கா பையன் பார்த்து, பெரியவனானதும் எழுதி வைத்தான். அவர்தான் முன்ஷி அப்துல்லா.

மலாய் இலக்கியத்தில் பெரிய பெயர். 1796-ல் மலாக்காவில் பிறந்தவர். அவருடைய முன்னோர் ஏமனிலிருந்து நாகூர் வந்து தமிழ்ப் பெண்ணை மணந்தவர். அவருடைய ஹிக்காயத் அப்துல்லாவில் ஒரு செய்தி இருக்கு, அதைத்தான் நாங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு தடவை சொன்னோம். சின்ன வயசில் அவரை அப்பா தமிழ் படிக்க அனுப்பினார். ஏனென்றால் அந்தக் காலத்து மலாக்காவில் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் படிப்பது வழக்கம். கணக்கு வழக்கெல்லாம் தமிழில்தான் நடக்கும். இரண்டரை வருஷம் அவர் தமிழ் படித்தார். இன்றைக்கு நாம "தமிழ் படிச்சா என்ன வேலை கிடைக்கும்"னு கேட்கிறோம். இருநூறு வருஷத்துக்கு முன்னால் இதே ஊரில் வேலைக்காகவே தமிழ் படித்திருக்கிறார்கள்.

சின்ன இடைச்செருகல்: 2006-ல் ஆற்றோரம் சுழலும் கோபுரம் கட்டத் தோண்டியபோது டச்சுக் காலத்துக் கோட்டைக் கொத்தளம் ஒன்று மண்ணுக்குள்ளே கிடைத்தது. கோபுரத்தை வேற இடத்துக்குத் தள்ளிவிட்டு, கொத்தளத்தை மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். பார்க்கலாம், பத்து நிமிஷம் போதும்.

பாலம் தாண்டி மறுகரைக்கு வந்தோம். செண்டோல் குடித்துவிட்டு, ஜோங்கர் கூட்டத்தில் மாட்டாமல் நேராக அடுத்த தெருவுக்குப் போனோம். இந்தப் பக்கம் சுற்றுலாக்காரர்கள் "நல்லிணக்கத் தெரு" என்று சொல்வார்கள். நிஜப் பெயர்களைப் பாருங்க: ஜாலான் துக்காங் எமாஸ், ஜாலான் துக்காங் பெசி, ஜாலான் தோக்கோங். பொற்கொல்லர் தெரு, இரும்புக்கொல்லர் தெரு, கோவில் தெரு. ஒன்றோடொன்று ஒட்டிய தெருக்கள், நடந்தால் ஐந்தாறு நிமிஷம்.

முதலில் கம்போங் கிளிங் பள்ளிவாசல். 1748-ல் மரத்தில் கட்டியது, 1872-ல் கல் கட்டடமானது. கூரை ஜாவா பாணியில் மூன்று அடுக்கு, மினாரா சீனப் பகோடா மாதிரி, உள்ளே ஐரோப்பியத் தூண், ஐரோப்பிய ஓடு. கட்டியவர்கள் இந்திய முஸ்லிம் வணிகர்கள்.

பெயரைப் பார்த்ததும் எங்கள் பையன்கள் முகம் மாறிப்போச்சு. அந்த வார்த்தையைப் பள்ளிக்கூடத்திலும் வேலையிடத்திலும் நாம எல்லாரும் கேட்டு நொந்தவர்கள்தான். அதைச் சொல்லி எங்களை ஏசியவர்கள் உண்டு. அதனால் கோபம் வருவது சரிதான். ஆனால் இந்தப் பெயர் வைத்த காலத்தில் அது திட்டு இல்லை. கலிங்கம் என்ற பழைய நாட்டுப் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். கடல் தாண்டி வந்த நம்மவர்களுக்கு மலாய்க்காரர்கள் வைத்த பொதுப்பெயர். ஷாபண்டார் பதவிக்கும் கப்பலுக்கும் துணிமூட்டைக்கும் சேர்ந்து வந்த பெயர் அது. பின்னால் வந்தவர்கள் வாயில்தான் அது கெட்டுப்போனது. இன்றைக்கு யாராவது நம்மை அப்படிக் கூப்பிட்டால் நிச்சயம் எதிர்க்க வேண்டும். ஆனால் இந்தப் பெயர்ப் பலகையை எடுத்துவிட்டால், நாம இங்கே இருந்ததற்கான ஓர் அத்தாட்சியும் கூடவே போகும். எங்களில் சிலருக்கு இதில் இன்னும் மாற்றுக் கருத்து இருக்கு.

கொஞ்சம் தள்ளி செங் ஹூன் தெங் சீன ஆலயம். 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, நம் நாட்டில் இன்றும் வழிபாடு நடக்கும் சீன ஆலயங்களில் மூத்தது. மூலஸ்தானத்தில் குவான் யின் அம்மா. நம்ம அக்காமார் சிலர் அங்கேயும் ஊதுவத்தி ஏற்றிக் கும்பிட்டுத்தான் வந்தாங்க.

பிறகு நம்ம இடம். ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம்.

ஜாலான் துக்காங் எமாஸில், கடைவீடுகளுக்கு நடுவே அடக்கமாக இருக்கிறது. பெரிய ராஜகோபுரமெல்லாம் எதிர்பார்த்துப் போகாதீங்க. சுற்றுலாக்காரர்கள் பாதிப்பேர் வாசலில் ஒரு படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆனால் மலேசியாவில் இன்றும் பூஜை நடக்கும் இந்து ஆலயங்களில் இதுதான் மிகப் பழமையானது. ஆண்டு 1781.

அந்த வருஷத்தைச் சும்மா படித்துவிட்டுப் போகாதீங்க, கொஞ்சம் கணக்குப் போடுங்க. பிரான்சிஸ் லைட் பினாங்கில் கால் வைத்தது 1786. ராஃபிள்ஸ் சிங்கப்பூர் வந்தது 1819. சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் ஆலயம் 1827. பினாங்கு குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் 1833. கோலாலம்பூர் மகா மாரியம்மன் 1873. நம்ம பாட்டன்மார் வந்த ரப்பர் தோட்டங்களோ அதற்கும் பிறகு. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் இங்கே பிள்ளையாருக்கு விளக்கு ஏற்றியாகிவிட்டது.

எப்படி நடந்தது? அப்போது மலாக்காவில் டச்சு ஆட்சி. இங்கே பல தலைமுறையாக வாழ்ந்த தமிழ் இந்து வணிகச் சமூகம்தான் மலாக்கா செட்டிகள். அவர்களின் தலைவர் தைவநாயகம் செட்டி. டச்சு அரசாங்கம் கொடுத்த நிலத்தில் அவர் தலைமையில் ஆலயம் எழும்பியது. டச்சுக்காரர்கள் நம்ம மதத்தில் பிரியம் வைத்துக் கொடுத்தார்கள் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். துறைமுகம் ஓடணும்னா எல்லா ஜாதி வணிகரும் ஊரில் நிலைத்து இருக்கணும். கும்பிட இடம் இல்லாத ஊரில் குடும்பம் நிலைக்குமா? பள்ளிவாசலும் சீன ஆலயமும் நம்ம ஆலயமும் ஒரே வட்டாரத்தில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது எங்கள் எண்ணம். நல்லிணக்கம் என்று இப்போது பலகை மாட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு அது பிழைப்பு.

அதன்பிறகு மலாக்கா என்ன பாடு பட்டது பாருங்க. 1784-ல் ரியாவ் வீரர் ராஜா ஹாஜி முற்றுகை போட்டு, தெலுக் கெத்தாப்பாங்கில் பெரிய சண்டை. 1795-ல் பிரிட்டிஷ்காரர்கள் வந்தார்கள். 1807-ல் கோட்டையே போச்சு. 1818-ல் மறுபடி டச்சு. 1824 ஒப்பந்தத்தில் மறுபடி பிரிட்டிஷ். பிறகு ஜப்பான்காரன். கொடி மாறிக்கொண்டே இருந்தது. நிலம் பிள்ளையார் பெயரில் நின்றது.

இன்றைக்கு ஆலய நிர்வாகம் நகரத்தார் கையில். இங்கே பல பேர் குழப்பிக்கொள்வதால் சொல்கிறோம்: மலாக்கா செட்டிகள் வேறு, நாட்டுக்கோட்டை நகரத்தார் வேறு. செட்டிகள் சுல்தான் காலத்திலிருந்தே இங்கே இருப்பவர்கள். நகரத்தார் பிரிட்டிஷ் காலத்தில் லேவாதேவித் தொழிலோடு வந்தவர்கள். மாசி மகத்தன்று இந்த ஆலயத்திலிருந்து முருகப்பெருமான் ரதத்தில் செங் பகுதியில் உள்ள சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்துக்குப் போய் வருவார். பார்க்காதவர்கள் ஒரு வருஷமாவது போய்ப் பாருங்க.

விநாயகருக்கு "பொய்யாத" என்று ஏன் பெயர் என்று ஒரு சின்னப் பெண் கேட்டாள். பொய்க்காதவர், கொடுத்த வாக்கு தவறாதவர் என்று சொன்னோம். வியாபாரிகள் கட்டிய கோவிலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இருக்க முடியாது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடைசி இடம், காஜா பெராங்கில் உள்ள கம்போங் செட்டி. நேரமில்லை, விட்டுடலாம் என்று சிலர் சொன்னாங்க. விடாமல் போனதுதான் நல்லதாப் போச்சு.

டச்சுக்காரர்கள் வியாபாரத்தைத் தங்கள் கம்பெனி கையில் இறுக்கிப் பிடித்ததும், செட்டிகளின் கப்பல் வியாபாரம் படுத்துவிட்டது. பொன் வேலை, விவசாயம், பிறகு அலுவலக வேலை என்று மாறி, ஊருக்கு வெளியே இந்தக் காஜா பெராங் பக்கம் வந்து குடியேறினார்கள். ஆரம்ப காலத்தில் இங்கேயே பெண் எடுத்தவர்கள் வழி வந்தவர்கள் என்பதால் வீட்டு மொழி மலாய். உடை பாஜு கெபாயா, சாரோங். சமையலில் தேங்காய்ப்பாலும் பெலாச்சானும். ஆனால் பெயரைக் கேளுங்க: பிள்ளை, செட்டி, நாயக்கர், படையாச்சி. வாசலில் மாவிலைத் தோரணம். தெருவுக்குள்ளே சின்னச் சின்னதாக ஆலயங்கள். முத்து மாரியம்மன் ஆலயம் 1822-ல் வந்தது, சிங்கப்பூர் மாரியம்மனுக்கும் மூத்தது.

இந்த அம்மன் திருவிழாவை அவர்கள் மலாயில் "டத்தோ சச்சார்" என்பார்கள். சச்சார் என்றால் அம்மை. நம்ம ஊரில் அம்மை போட்டால் "ஆத்தா வந்திருக்கா" என்போமே, அதேதான். மொழி மாறிப்போனாலும் மாரியம்மன் யார், எதற்குக் காவல் என்பது மாறவில்லை. போகியன்று முன்னோருக்குப் படைப்பார்கள். அதற்கு "போகி பார்ச்சு" என்று பெயர். வாழையிலை போட்டு, போனவர்களுக்குப் பிடித்த பண்டமெல்லாம் வைத்து, கொஞ்ச நேரம் அமைதியாக விட்டுவிட்டு, பிறகு குடும்பத்தோடு சாப்பிடுவார்கள். நம்மில் எத்தனை வீட்டில் இன்னும் இது நடக்குது என்று யோசித்துப் பார்த்தோம்.

அங்கே ஒரு வயதான அம்மா எங்கள் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்து பேசினார். எல்லாம் மலாய். நம்ம இளைஞர் ஒருவர் மெதுவாக, "தமிழே பேசத் தெரியல, இவங்களை எப்படி அண்ணே தமிழர்னு சொல்றது?" என்றார். அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டதோ என்னவோ, எங்களைக் கூட்டிக்கொண்டு போய் அம்மன் சன்னதியைக் காட்டினார். அவங்க அம்மா, அவங்க பாட்டி எல்லாம் பூக்கட்டி வைத்த இடம் என்று கையால் தொட்டுக் காட்டினார். பிறகு அந்த இளைஞர் ஒன்றும் பேசவில்லை. கோயிலைக் கூட்டிப் பெருக்க துடைப்பம் எங்கே இருக்குன்னு கேட்டார்.

இதில் எங்களுக்கு இரண்டு மனசு. தமிழ் போனது பெரிய இழப்பு, அதைச் சாதாரணமா எடுத்துக்க முடியாது. தேவார வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பாத பெற்றோர் இதைப் படித்தால் நல்லது. அதே நேரம், தமிழ் நன்றாகப் பேசத் தெரிந்த நம்ம பக்கத்தில் எத்தனை தோட்டத்து ஆலயம் தடமே இல்லாமல் போயிருக்கு? இவர்கள் மொழியை விட்டார்கள், இடத்தை விடவில்லை. கிராமத்தின் ஓரத்தில் உயரமான கட்டடம் கட்டும் திட்டம் வந்தபோதும் அந்த மக்கள் சும்மா இருக்கவில்லை, எதிர்த்துப் பேசினார்கள்.

சரி, இப்போது நைனா செட்டி பக்கம் சொன்ன அந்த வரிக்கு வருவோம்.

நமது ஆலயம் எப்படி வந்தது என்று பெரியவர்களுக்குத் தெரியும். தோட்டம் இருந்த காலத்தில், துரை "கட்டிக்கோ" என்று வாயால் சொன்னார், தாத்தாமார் சம்பளத்தில் பிடித்துக் கட்டினார்கள். தோட்டம் கை மாறியது. புதிதாக வந்தவர்களுக்கு அந்த வார்த்தை தெரியாது. ஒருமுறை சாமியைத் தூக்கிக்கொண்டு இடம் மாறினோம். இப்போது இருக்கும் இடத்துக்கும் கிராண்ட் நம்ம கையில் இல்லை. அரசாங்கத்திடம் மனு கொடுத்து நடையாய் நடந்துகொண்டிருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: ஆலயம் எப்போதிலிருந்து இருக்கிறது, அதற்கு ஆதாரம் என்ன?

மலாக்காவில் 1781 என்று வருஷம் சொல்ல முடிகிறது. நிலம் கொடுத்தது யார், முன்னின்ற தலைவர் யார் என்று பெயர் சொல்ல முடிகிறது. இருநூற்று நாற்பது வருஷத்துக்கு முந்திய விஷயம். நம்ம ஆலயம் எழுபது எண்பது வருஷத்துக்குள்தான், ஆனால் நம்மிடம் ஒரு தாள்கூட ஒழுங்காக இல்லை. ஆனால் வீடுகளில் இருக்கு, எங்களுக்குத் தெரியும். பழைய பெட்டியில், சாமி படத்துக்குப் பின்னால், கல்யாண ஆல்பத்தில்.

ஆகவே ஒரு வேண்டுகோள். தோட்டத்து ஆலயத்தில் எடுத்த பழைய படம், திருவிழா நோட்டீஸ், நன்கொடை ரசீது, தோட்ட ஆபீஸ் கடிதம், சம்பளத்தில் கோவில் பணம் பிடித்த சீட்டு, எது இருந்தாலும் கொண்டுவாருங்கள். ஆண்டு தெளிவாகத் தெரிந்தால் ரொம்ப நல்லது, தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அந்தக் காலத்தில் தோட்டத்தில் வேலை பார்த்த தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் சொல்லுங்கள், நாங்களே வந்து அவர்கள் சொல்வதை எழுதி, கமிஷனர் முன்னால் சத்தியப் பிரமாணமாகப் பதிவு செய்துகொள்கிறோம். நடக்க முடியாதவர்களுக்குக் காடி ஏற்பாடு பண்ணித் தருகிறோம்.

அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமையும் காலை பூஜை முடிந்ததும் மண்டபத்துப் பக்கத்து அறையில் இருப்போம். அசல் தாளை வாங்கி வைத்துக்கொள்ள மாட்டோம், உங்கள் முன்னாலேயே படம் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். மலாக்கா பயணத்துப் படங்களும் அங்கே இருக்கும், வேண்டியவர்கள் தம்பிகளிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.